ஏ.டி.எச்.டி: சேட்டை, சோம்பல் என்று முடிவு கட்டும் முன்...

மதரஸாவில் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். ஸ்கூல் டைரியில் வாரம் தவறாமல் புகார். இந்த மாதத்தில் தொலைத்த தண்ணீர் பாட்டில் இது மூன்றாவது. வீட்டில் ஒரு வேலை சொன்னால் ‘இதோ’ என்பான். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் சொன்ன வேலை அப்படியே இருக்கும், அவன் வேறு எதையோ பிரித்துப் போட்டுக் கொண்டிருப்பான். ஆனால் கையில் செல்போனைக் கொடுத்தால் மூன்று மணி நேரம் அசைய மாட்டான்.

இப்படி ஒரு பிள்ளை நம் வீட்டில் இல்லாவிட்டாலும் நம் உறவில், தெருவில், மஹல்லாவில் நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களும் நமக்குத் தெரியும். வாலு, திமிர் பிடித்தவன், மக்கு, சோம்பேறி. உம்மாவுக்கும் ஒரு பெயர் உண்டு: பிள்ளை வளர்க்கத் தெரியாதவள். அத்தா வெளிநாட்டில் இருந்தால் அந்தப் பெயர் இன்னும் சத்தமாகச் சொல்லப்படும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும் நோய் என்று சொல்ல நாம் வரவில்லை. குழந்தை என்றால் ஓடும், மறக்கும், அடம் பிடிக்கும். ஆனால் அவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது கெட்ட குணமல்ல; மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு நிலை. அதைத்தான் ஏ.டி.எச்.டி என்கிறார்கள். தமிழில் ‘கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு’ என்று எழுதுகிறார்கள். உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நாற்பது பிள்ளைகள் ஓதும் ஒரு மக்தபில் இரண்டு பேர் என்று வைத்துக் கொண்டால் இதன் அளவு நமக்குப் புரியும்.

புதிய நோயா?

‘எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை, இது இப்போது வந்த ஃபேஷன்’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பெயர்தான் புதிது. கவனத்தை ஒன்றில் நிறுத்த முடியாத நிலையைப் பற்றி ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே எழுதியிருக்கிறார். அறிவு குறைவில்லாத, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் தொடர் உரைகள் நிகழ்த்தினார். ஏ.டி.எச்.டி என்ற இன்றைய பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1987-ல் இடம்பெற்றது.

நம் காலத்திலும் இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடையில் சேர்க்கப்பட்டவர், மதரஸாவை விட்டு ஓடிப்போனவர், ‘எந்த வேலையிலும் நிலைக்காதவர்’ என்று குடும்பமே கைகழுவியவர் என ஊருக்கு ஊர் சிலர் இருந்தார்களே! அவர்களில் எத்தனை பேர் இந்த நிலையோடு போராடினார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

ஏ.டி.எச்.டி-யை மருத்துவர்கள் மூன்று வகையாகப் பார்க்கிறார்கள். முதல் வகையில் கவனக்குறைவு மேலோங்கி இருக்கும். இரண்டாவது வகையில் அமைதியின்மையும் யோசிக்காமல் செய்வதும் மேலோங்கும். மூன்றாவது, இரண்டும் கலந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளையை எல்லோரும் பார்த்து விடுவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக் கொண்டிருக்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. பெண் குழந்தைகளிடம் பெரும்பாலும் இந்த அமைதியான வகைதான் காணப்படுகிறது. எனவேதான் அவர்கள் தாமதமாகக் கண்டறியப்படுகிறார்கள், அல்லது கண்டறியப்படாமலேயே போகிறார்கள்.

ஒரு வேலையைத் தொடங்குவது, சொன்னதை நினைவில் நிறுத்துவது, நேரத்தைக் கணிப்பது, நாவையும் கையையும் அடக்குவது ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி இவர்களிடம் வேறு விதமாக இயங்குகிறது. டோபமைன், நோர்எபிநெஃப்ரின் எனும் வேதிப்பொருட்களுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததைத் தேவையான நேரத்தில் செய்வதில்தான் சிக்கல். ‘எத்தனை தடவை சொல்வது?’ என்று நாம் கேட்பதால் அது சரியாவதில்லை, ஏனென்றால் பிரச்சனை அறியாமையில் இல்லை.

அப்படியானால் கேம் மட்டும் எப்படி விளையாடுகிறான்? நியாயமான கேள்வி. இவர்களிடம் கவனமே இல்லை என்பதில்லை. கவனத்தைத் தேவையான இடத்துக்குத் திருப்பும் பிடி தளர்ந்திருக்கிறது. கேமில் நொடிக்கொரு பரிசு, நொடிக்கொரு மாற்றம். அங்கே கவனம் தானாக ஒட்டிக் கொள்கிறது. வாய்ப்பாட்டில் பரிசு ஆறு மாதம் கழித்து மார்க் ஷீட்டில் வருகிறது. ஆகவே கேம் விளையாடுகிறான் என்பது அவன் நடிக்கிறான் என்பதற்கான ஆதாரம் அல்ல.

எது காரணம், எது காரணமில்லை?

இதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. இரட்டையர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் 70 முதல் 80 சதவீதம் வரை மரபணுவின் பங்கு இருப்பதாகக் காட்டுகின்றன. குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த பிறப்பு எடை, கர்ப்ப காலத்தில் புகையிலை அல்லது மது, ஈய நச்சு ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

இனிப்பு சாப்பிடுவதால் இது வருவதில்லை. டிவி, செல்போன் இதை உருவாக்குவதில்லை. ஆனால் இருக்கும் சிரமத்தை அவை கூட்டலாம், தூக்கத்தைக் கெடுக்கலாம். உம்மாவின் வளர்ப்பு இதற்குக் காரணமில்லை. மாமியாரும் நாத்தனாரும் இந்த ஒரு வரியை மட்டும் ஏற்றுக் கொண்டால்கூடப் பல வீடுகளில் பாதிக் கண்ணீர் குறைந்து விடும்.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

இதற்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தை மனநல மருத்துவர், குழந்தைகள் நல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விரிவாகக் கேட்டு, பிள்ளையைக் கவனித்து முடிவு செய்கிறார்கள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும்.

ஆகவே வீட்டில் மட்டும் அடம் பிடித்து, வெளியே ஒழுங்காக இருக்கும் பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்டி விடக் கூடாது. காது சரியாகக் கேட்கிறதா, கண் பார்வை சரியா, தூக்கம் போதுமா, இரத்தசோகை உண்டா, வலிப்பின் ஒரு வகையால் நொடி நேரம் நினைவு தப்புகிறதா, வீட்டில் சண்டையா, யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்களா என்பதெல்லாம் முதலில் பார்க்கப்பட வேண்டும். யூடியூப் பார்த்து நாமே முடிவு செய்வதும் தவறு. யூடியூப் பார்த்து ‘அப்படி ஒன்றுமில்லை’ என்று ஒதுக்குவதும் தவறு.

இன்னொன்றும் உண்டு. ஏ.டி.எச்.டி பெரும்பாலும் தனியாக வருவதில்லை. எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவை கூடவே இருக்கக் கூடும். ஒன்றுக்கு மட்டும் சிகிச்சை எடுத்து மற்றதை விட்டு விட்டால் முன்னேற்றம் அரைகுறையாக நிற்கும்.

மருந்து பற்றிய பயம்

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலில் தரப்படுவது மருந்தல்ல, பெற்றோருக்கான பயிற்சி. பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, எதைப் பாராட்டுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதை முறையாகக் கற்றுத் தருகிறார்கள். அதற்கு மேற்பட்ட வயதில், பாதிப்பு அதிகமாக இருந்தால் இந்தப் பயிற்சியோடு மருந்தும் சேர்க்கப்படுகிறது. மெத்தில்ஃபெனிடேட், அட்டமாக்ஸெட்டின் ஆகிய இரண்டும் நம் நாட்டில் அதிகம் பயன்படுபவை.

‘இது போதை மருந்தாமே, பிள்ளை அடிமையாகி விடுமே’ என்ற பயம் பல பெற்றோரிடம் உள்ளது. மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பது உண்மை. தவறாகப் பயன்படுத்த வாய்ப்புள்ளதால்தான் அந்தக் கட்டுப்பாடு. மருத்துவர் அளந்து தரும் அளவில், அவர் கண்காணிப்பில் எடுப்பது வேறு. போதைக்காக எடுப்பது வேறு. சொல்லப் போனால், சிகிச்சை பெறாத ஏ.டி.எச்.டி உள்ள இளைஞர்களே புகை, போதைப் பழக்கங்களில் விழும் ஆபத்து அதிகம். நோய்க்கு நிவாரணம் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு வழிகாட்டியிருக்க, நோயாளிக்கு அளந்து தரும் மருந்தைப் போதைப் பொருளோடு சேர்த்து வைத்துப் பேசுவது மார்க்கமும் அல்ல, அறிவும் அல்ல.

பக்க விளைவுகள் இல்லாமல் இல்லை. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம், சிலருக்குத் தலைவலி, வயிற்றுவலி வரலாம். எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் இடையிடையே பார்ப்பார். ஒத்துவராவிட்டால் அளவை மாற்றுவார், மருந்தை மாற்றுவார். நாமாக ஒரு வாரம் கொடுத்து, ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பதுதான் கூடாது.

வளைகுடா நாடுகளுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க: இந்த மருந்துகளைக் கையோடு எடுத்துச் செல்ல ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் முன்அனுமதி பெற வேண்டும். மருந்துச் சீட்டும் மருத்துவரின் கடிதமும் இருந்தாலும், போகும் நாட்டின் விதியைப் பயணத்துக்கு முன்பே பார்த்து அனுமதி வாங்கி விடுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. ‘குளிச்சிட்டு, யூனிஃபார்ம் போட்டு, பையை எடுத்து வச்சிட்டு, சாப்பிட வா’ என்பது நான்கு வேலை. நான்காவது சொல்லும்போது முதல் மூன்று மறந்து போயிருக்கும். அருகில் போய், பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள்; அது முடிந்ததும் அடுத்தது.

நினைவில் நிற்க வேண்டியதைக் கண்ணில் படும்படி வையுங்கள். காலையில் செய்ய வேண்டியவற்றைப் படமாக வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டலாம். ஸ்கூல் பைக்கு ஓர் இடம், தொப்பிக்கு ஓர் ஆணி, சாவிக்கு ஒரு கிண்ணம். இடம் மாறாமல் இருந்தாலே தேடல் பாதி குறையும்.

பாராட்டு உடனே வர வேண்டும். ‘ஃபுல் மார்க் வாங்கினால் சைக்கிள்’ என்பது இந்தப் பிள்ளைக்கு வெகு தூரம். ‘பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதினாய், மாஷா அல்லாஹ்’ என்பது அப்போதே போய்ச் சேரும். ஒரு நாளில் அந்தப் பிள்ளை கேட்கும் திட்டுகளை எண்ணிப் பாருங்கள். அதற்கு ஈடாகப் பாராட்டு விழவில்லை என்றால், ‘நான் கெட்டவன்’ என்று அது நம்பத் தொடங்கி விடும். பிற்காலத்தில் மனச்சோர்வு வேர் பிடிப்பது இங்கேதான்.

நேரம் இவர்களுக்குப் புலப்படுவதில்லை. ‘இன்னும் அரை மணி நேரம்’ என்றால் என்னவென்று விளங்காது. நம் வீடுகளில் இதற்கு ஒரு நல்ல வசதி உண்டு. ஐந்து வேளை பாங்கு நாளை ஐந்தாகப் பிரித்துத் தருகிறது. ‘அஸர் தொழுததும் விளையாட்டு, மக்ரிபுக்குப் பின் ஹோம்வொர்க், இஷாவுக்குப் பின் செல்போன் அலமாரியில்’ என்று கட்டி வைத்தால், கடிகாரத்தைவிட அது நன்றாக நிற்கும்.

மதரஸாவில்...

காலையில் மக்தப், பிறகு ஸ்கூல், மாலையில் டியூஷன். சாதாரணப் பிள்ளைகளே களைத்துப் போகும் அட்டவணை இது. ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைக்கு இது மலை. உஸ்தாத்கள் சில மாற்றங்கள் செய்தால் போதும். வாசல் அருகில் உட்காரும் பிள்ளையைத் தம் பக்கத்தில் உட்கார வைக்கலாம். ஒரு பக்கப் பாடத்தை மூன்று மூன்று வரிகளாகப் பிரித்துக் கேட்கலாம். ரிஹால் எடுத்து வைக்க, பாய் விரிக்க, தண்ணீர் கொண்டு வர அவனை அனுப்பலாம். எழுந்து நடக்க ஒரு நியாயமான காரணம் கிடைத்து விடும். ஹிஃப்ழ் செய்பவன் என்றால் நடந்து கொண்டே ஓதட்டும், காதால் கேட்டு ஓதட்டும். நீண்ட நேரம் ஒரே அமர்வாக வைக்காமல், குறுகிய அமர்வுகளாகப் பல தடவை ஓத வைப்பது இவர்களுக்குப் பலன் தரும்.

பிரம்பு இங்கே பலன் தராது. அடி வாங்கும் நேரத்துக்குப் பயத்தால் உட்காருவான். மூளையின் அமைப்பு மாறாது. மிஞ்சுவது குர்ஆனைத் திறக்கும்போதெல்லாம் வரும் அச்சம். எந்த உஸ்தாதும் விரும்பும் பலன் அதுவல்ல.

அனஸ் (ரலி) அவர்கள் ஏறத்தாழ பத்து வயதில் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்ய வந்தவர்கள். ஒரு நாள் நபியவர்கள் அவரை ஒரு வேலையாக அனுப்பினார்கள். போகமாட்டேன் என்று சிறுவர் வாயால் சொன்னார். மனதில் போகும் எண்ணம் இருந்தது. வழியில் கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்று விட்டார். பின்னால் வந்த நபியவர்கள் அவருடைய பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சிரித்துக் கொண்டிருக்கிறார்கள்! சொன்ன இடத்துக்குப் போனாயா என்று செல்லமாகப் பெயரைச் சுருக்கிக் கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் சிறுவர். முஸ்லிம் தொகுப்பில் உள்ள செய்தி இது. தாம் பணியாற்றிய காலமெல்லாம் தம்மை நபியவர்கள் ஒரு முறைகூடச் ‘சீ’ என்று சொன்னதில்லை என்பதையும் அதே அனஸ் (ரலி) அவர்கள்தான் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

அனஸ் (ரலி) அவர்களுக்கு ஏதோ குறைபாடு இருந்தது என்று நாம் சொல்லவில்லை. அவர் ஆரோக்கியமான சிறுவர். ஆரோக்கியமான சிறுவரின் மறதிக்கே இந்த அளவு கனிவு என்றால், மறக்காமல் இருக்க முடியாத சிறுவருக்கு எவ்வளவு கனிவு வேண்டும்? நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான்.

தொழுகையில் ஒரே கேள்வி, மூன்று காரணங்கள்

‘எத்தனை ரக்அத் தொழுதேன் என்றே தெரியவில்லை ஹஜ்ரத்’ என்று மூன்று பேர் வந்து கேட்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். கேள்வி ஒன்று, மூவரின் நிலையும் வேறு.

ஒருவர் ஏ.டி.எச்.டி உள்ளவர். தக்பீர் கட்டியதும் மனம் கடைக்கும் பைக் சர்வீஸுக்கும் போய் விடுகிறது. அவருக்கு மார்க்கம் தரும் சட்டம் எளிது. சந்தேகத்தை விட்டு விட்டு உறுதியான எண்ணிக்கையை எடுத்துக் கொள்ள வேண்டும், இறுதியில் மறதிக்கான ஸஜ்தாச் செய்ய வேண்டும். சுற்றுப்புறத்தைச் சரி செய்வதும் நபிவழிதான். பூவேலைப்பாடு உள்ள ஓர் ஆடை தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்ததால் நபியவர்கள் அதைக் கொடுத்தனுப்பி விட்டு, வேலைப்பாடில்லாத ஆடையைக் கேட்டு வாங்கியதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. படம் நிறைந்த முஸல்லாவுக்குப் பதிலாக வெறும் விரிப்பு, ஆட்கள் போய்வரும் வாசலை விட்டுச் சுவரோரம், ஜமாஅத்தோடு தொழுவது, ஓதும் சூராவின் பொருளை அறிந்து ஓதுவது ஆகியவை இவருக்கு உதவும்.

இன்னொருவர் உளூவை ஏழு தடவை செய்கிறார். தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார். சரியாகச் செய்தோமா என்ற அச்சம் அவரை விடுவதில்லை. நாம் ‘வஸ்வாஸ்’ என்று சொல்லும் இது, இந்த அளவுக்குப் போனால் ஓ.சி.டி எனும் மனநோயாக இருக்கலாம். இவருக்கு ‘உறுதி செய்து கொள்’ என்று சொன்னால் நோய் கூடும். சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் கடந்து செல் என்பதே இவருக்கு மார்க்க அறிஞர்கள் காலங்காலமாகச் சொல்லி வந்த அறிவுரை. இன்றைய சிகிச்சையும் அதற்கு நெருக்கமானதுதான். பயத்தை எதிர்கொண்டு, திரும்பச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குகிறார்கள். தேவைப்பட்டால் மருந்தும் தருகிறார்கள்.

மூன்றாமவர் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, எதிலும் பிடிப்பில்லை. அவருக்கு மனச்சோர்வு இருக்கலாம். ‘ஈமான் பலவீனம்’ என்று அவரை அனுப்பி விட்டால் அது ஆபத்தில் முடியக்கூடும். ஆகவே இமாம்கள் பதில் சொல்லும் முன் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பது நல்லது: எவ்வளவு நாளாக? வேறு என்ன மாற்றம்?

ரமளானில்...

நேரம் மாறிய தூக்கம் ஏ.டி.எச்.டி உள்ளவரை அதிகம் பாதிக்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை ஸஹரில் எடுக்க முடியுமா, அளவை மாற்ற வேண்டுமா என்பதை ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டு விடுங்கள். வாகனம் ஓட்டுவோர், இயந்திரத்தில் வேலை செய்வோர் கட்டாயம் கேட்க வேண்டும். நோன்பு நோற்றால் நோய் கூடும் என்று மருத்துவர் சொன்னால் நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை உண்டு. பிறகு களாச் செய்வதா, இயலாதவராக இருந்தால் ஃபித்யா கொடுப்பதா என்பதை மருத்துவ ஆலோசனையோடு ஆலிமிடம் கேட்டுக் கொள்ளலாம். யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்தி விட்டு, பத்தாம் நோன்பில் குடும்பத்தோடு சண்டை, வேலையில் தவறு என்று திணறுவது தக்வா ஆகாது.

வளர்ந்த பின்னும் தொடர்கிறது

‘வளர்ந்தால் சரியாகி விடும்’ என்பது பாதி உண்மை. ஓட்டம் குறையும்; உள்ளே இருக்கும் அமைதியின்மையும் மறதியும் பலருக்குத் தொடரும். பெரியவர்களில் ஏறத்தாழ 2.5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. கரண்ட் பில்லை மறந்து விடுவார். தொடங்கிய வியாபாரத்தைப் பாதியில் விடுவார். யோசிக்காமல் கடன் வாங்குவார். மனைவி பேசிக் கொண்டிருக்கும்போதே மனம் எங்கோ போய் விடும். ‘என்னை மதிக்கவில்லை’ என்று அவர் நினைப்பார். பல வீடுகளில் பஞ்சாயத்து வரை போகும் பிணக்குக்கு அடியில் இது ஒளிந்திருக்கலாம்.

பெண்களின் நிலை இன்னும் கடினம். சமையல், பிள்ளைகள், விருந்தாளிகள், யார் வீட்டுக்கு எந்தத் தேதியில் மொய் என்பது வரை அனைத்தையும் அவர் தலையில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அடுப்பில் பாலை வைத்து மறந்தால் ‘பொறுப்பில்லாதவள்’. பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி என்று மருத்துவர் விவரிக்கும்போது, ‘இது என் கதையாக இருக்கிறதே’ என்று உணரும் தாய்மார்கள் உண்டு. அவர்களும் பரிசோதித்துக் கொள்ளலாம். வயது ஒரு தடையல்ல.

கணவன் மனைவி இருவரும் வேலையைப் பிரித்துக் கொள்வது உதவும். மறக்கிறவரிடம் தேதி நினைவில் வைக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். உடலுழைப்பும் வெளிவேலையும் அவருக்குச் சரிப்படலாம். பில்கள் வங்கியிலிருந்து தானாகவே போகட்டும். செல்போன் அலாரத்துக்கு வெட்கப்பட வேண்டாம். ஆனால் ‘எனக்கு இந்த நோய் உள்ளது, நான் அப்படித்தான்’ என்று மற்றவர் மீது சுமையை இறக்கி விடுவதும் நியாயமாகாது. நோய் தவறை விளக்கும்; பாதிக்கப்பட்டவரின் உரிமையை அது அழித்து விடாது. சிகிச்சை எடுப்பதும் முயற்சி செய்வதும் அவர் பொறுப்பு. பொறுமையும் துணையும் குடும்பத்தின் பொறுப்பு.

திருமணப் பேச்சில் இதை மறைக்கும் வழக்கம் உள்ளது. மறைத்து நடத்திய நிகாஹ்வில், ஒளித்து விழுங்கும் மாத்திரை என்றாவது கண்ணில் படும். அன்று உடைவது நம்பிக்கை. ஊரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கைத் துணையாக வரப் போகிறவருக்குத் தெரிய வேண்டும்.

ஓதிப் பார்ப்பதும் மருத்துவமும்

துஆவை விடச் சொல்ல முஸ்லிமால் முடியாது. குர்ஆன் ஓதி ஊதுவது நபிவழியில் உள்ளது. ஆனால் துஆ செய்கிறோம் என்பதற்காக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடாமல் இருக்கிறோமா? மூளையும் உடலின் உறுப்புதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு கி.பி. 934) உடல் நலத்துக்கும் உள நலத்துக்குமாகச் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். அச்சம், கவலை, கோபம், விடாது தொல்லை தரும் எண்ணங்கள் ஆகியவற்றை அதில் தனித்தனியாக ஆராய்ந்தார். மனநல மருத்துவம் நமக்கு அந்நியமானதல்ல.

இதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரைக் குணமாகும் என்ற நம்பிக்கையில்தான் குடும்பத்தினர் அங்கே கொண்டு வந்து விட்டிருந்தார்கள். ஏ.டி.எச்.டி அந்த அளவு கடுமையான நோயல்ல. ஆனால் ‘ஜின் பிடித்திருக்கிறது’ என்று பிள்ளையைத் தாயத்துக்காரரிடம் அழைத்துப் போய் ஆண்டுகளை இழப்பதும், அந்தச் சங்கிலியும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை.

எங்கே போவது?

பெரிய செலவு என்று பயப்பட வேண்டியதில்லை. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்க மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனம் ஆகியவற்றை அணுகலாம். தொலைபேசியில் ஆலோசனை பெற 14416 என்ற டெலி மனஸ் எண் 2022 அக்டோபர் முதல் செயல்படுகிறது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் யாருக்காவது வந்தால் நாளை பார்ப்போம் என்று தள்ளாமல் உடனே அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

படிப்புச் சலுகை பற்றியும் தெரிந்து கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உள்ளன, ஏ.டி.எச்.டி பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆகவே பிள்ளைக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று பரிசோதித்துச் சான்றிதழ் பெற்றால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். பத்தாம் வகுப்பு வந்த பிறகு ஓடாமல், முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை இது.

ஜமாஅத்துகளும் இதில் செய்யக் கூடியவை உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம். மக்தப் பிள்ளைகளுக்கு ஒரு குழந்தை மனநல மருத்துவரையும் அழைக்கலாம். உஸ்தாத்களுக்கு அரை நாள் பயிற்சி தரலாம். ஜும்ஆ பயானில் ஒரு முறை இதைப் பேசினால், இதுவரை வெளியே சொல்லத் தயங்கிய பத்துக் குடும்பங்களாவது தலை நிமிர்ந்து உட்காரும்.

எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்று நாம் நம்புகிறோம். நம் பிள்ளைகளின் சக்தி எதுவரை என்று அறிந்து கொள்ளாமலே அதற்கு மேல் சுமத்துகிறவர்களாக நாம் ஆகிவிடக் கூடாது. அல்லாஹ் நம் வீடுகளிலுள்ள இந்தப் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், அவர்களை வளர்ப்போருக்குப் பொறுமையையும், அவர்களைச் சுற்றியுள்ள நமக்கெல்லாம் கனிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.